எட்டு எண்ணிக்கை இடைவெளி

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் நீ சொல்லவா போகிறாய்!

மூன்று வருடமாக மாதம் ஒரு போன், அதுவும் நான் ஏதாவது கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு பேசுவது. இப்போது எதற்குக் கடிதம் என்று முழிப்பாய். போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை இது. நீ அனுப்பவேண்டிய சாமானும் இருக்கிறது.

மறுபடியும் கிடாரை எடுத்திருக்கிறேன். நம் பழைய கிடார்தான். நீ இங்கே இருந்தபோது ஒரு மெட்டுக் கட்டினாய் அல்லவா, நாலு வரியில் மூன்றரை முடிந்து நின்றுபோனதே, அதை வீட்டிலேயே பதிவு செய்யவேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. கீழ்ப்பகுதியை நான் வாசிக்கிறேன், மேல்பகுதியை நீ அங்கிருந்து வாசித்து அனுப்பு. கேட்டால் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கவேண்டும்.

கிடாரை மாட்டிச் சத்தமாக்கும் பெரிய ஆம்பைப் போட முடியாது. கீழ் வீட்டுக்கு ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் குடிவந்திருக்கிறார். விடியுமுன் வேலைக்குப் போய்விட்டுப் பகலெல்லாம் தூங்குகிறார். ஒரு நாள் மெதுவாகத்தான் போட்டேன், பாவம், போர்வையோடு படியேறி வந்து நின்றார். கிடாரைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஆம்பின் சத்தத்தை அதுவே செய்து காதில் மாட்டும் ஹெட்போனுக்குக் கொடுக்கும் சாப்ட்வேர் இருக்கிறதாமே. கடலளவு கிடக்கிறது. எது நல்லது என்று நீதான் தேர்ந்து சொல்லவேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் உன் அண்ணி மாணவர்களின் மதிப்பெண் போடுகிறாள். அதனால் மெயில் வேண்டாம். பென் டிரைவில் போட்டு, மேலே எழுதியிருக்கும் என் வேலையிடத்து முகவரிக்கு அனுப்பு. வீட்டுக்கு வேண்டாம். உனக்கே தெரியும்.

கிரீஸ் கையோடு,
அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணா,

சுகம். இருமல் போய்விட்டது, பல்வலி வந்திருக்கிறது, மற்றபடி ராஜா மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி? இன்னும் கூண்டின் மேல் ஏறுகிறாயா?

கடிதத்தைக் கண்ணாடிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் வைத்துப் படித்தேன். லென்ஸ் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் ஒரு லென்ஸை மூக்குப் பக்கம் அதிகமாக அறுத்துவிட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சாப்ட்வேர் விஷயத்தில் ஊர்ப் பேச்சைக் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். ஆளுக்கொன்று சொல்வான். நாம் எங்கள் கடை வழியில் போவோம். கண் சோதனையில் என்ன செய்கிறோம்? 'இது தெளிவா, அது தெளிவா' என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவோம். எந்த லென்ஸ் என்ன விலை என்று சொல்ல மாட்டோம். அதே மாதிரி, மூன்று சாப்ட்வேரின் இலவச ட்ரையலை இறக்கியிருக்கிறேன். முதலாவதை (பெயர் பின்பக்கம்) நீயும் இறக்கிக்கொள், உன் காதுக்கு நல்ல சத்தம் வரவேண்டும் அல்லவா. ஆனால் பதிவாகிற கிடார் மட்டும் ஆம்ப் எதுவும் கலக்காத வெறும் கம்பிச் சத்தமாக இருக்கவேண்டும். அதை அனுப்பு. நான் அதே வாசிப்பை மூன்றிலும் விட்டுத் திருப்பி அனுப்புகிறேன். மற்ற இரண்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். காதால் தேர்ந்தெடு.

வெறும் சத்தம் கேட்கச் சகிக்காது, கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதே.

அந்தக் கிடார் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? கம்பிக்குக் கீழே இருக்கிற காந்தம் தளர்ந்துபோய், கிட்டே வாயை வைத்துக் கத்தினால் ஆம்பில் குரல் வருமே. "அண்ணி, டீ!" என்று நான் அதில்தான் கூப்பிடுவேன். அடுக்களையிலிருந்து கரண்டியோடு வருவார்கள்.

அண்ணியிடம் நான் எழுதுவதைச் சொல்லியிருக்கிறாயா? சொல்லாவிட்டால் சொல்லவேண்டாம்.

பல்லைப் பிடித்தபடி,
தம்பி


பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. பல்லைப் போய்க் காட்டித் தொலை, அதற்கும் நான்தான் கடிதம் போடவேண்டுமா?

முதல் பத்து நாள் ஒரே ரகளை. நான் கம்பியைத் தட்டினால் சத்தம் கொஞ்சம் கழித்து வருகிறது. பட்டனை அமுக்கினால் லிஃப்ட் நாளைக்கு வருகிற கதை. ஏதோ ஒரு எண்ணைக் குறைத்தால் சரியாகும் என்று எங்கேயோ படித்துக் குறைத்தேன், கம்ப்யூட்டர் விசிறி ஜெட் விமானம் மாதிரி கிளம்பிவிட்டது. நடுவில் ஒரு எண் வைத்திருக்கிறேன். பரவாயில்லை.

இதோ பென் டிரைவ். மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாசித்தது. வேறு இடம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் நானும் கிடாரும், எதிரே உன் அண்ணியும் கணக்குத் தாள்களும். காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு திருத்துகிறாள், என் முகத்தில் இடிக்கிறது. நான் ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறேன். நடுவில் ஒருமுறை கண் திறந்தபோது அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். யாரைத் திட்டினாளோ தெரியாது. மைக் எதுவும் இல்லை, வயர் வழியாகத்தான் போகிறது, அதனால் கவலை இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நீ ஆம்பை அலறவிட்டதும், அவள் வந்து பிளக்கைப் பிடுங்கியதும், "இது எங்க அண்ணன் வீடு, உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று நீ கேட்டதும், மறுநாள் காலை பெட்டியோடு கிளம்பியதும் எல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். அதுவும் உன் வாயால். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. உன் பேச்சு இந்த வீட்டில் எடுப்பதே இல்லை. எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், போனில் வராது.

வேறொன்றுமில்லை. வாசல் பூட்டு இறுகுகிறது. மாற்றலாம் என்றால் உன் அண்ணி, பழகின பூட்டு, வேண்டாம் என்கிறாள். நான் ஊர் லிஃப்டையெல்லாம் சரி செய்கிறேன், என் வீட்டுக் கதவோடு மல்லுக்கட்டுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணா,

பல்லைப் பிடுங்கியாயிற்று. உன் திட்டு வந்த அன்றே போனேன். நீ நன்றாகத் தூங்குகிறாயா? கடிதத்தில் கொட்டாவி தெரிகிறது.

மூன்றையும் போட்டு அனுப்பியிருக்கிறேன். என் கருத்தை இப்போதே சொல்லக் கூடாது, ஆனால் வாய் சும்மா இருக்குமா? முதலாவது மாப்பிள்ளைக் கோலம். துடைத்து மினுக்கி, எண்ணெய் தேய்த்து வாரியது. இரண்டாவது நல்ல பிள்ளை, கம்ப்யூட்டரைப் படுத்தாது, ஆனால் எதைக் கொடுத்தாலும் ஒரே முகம். மூன்றாவது யாரோ தனியாள் செய்து இலவசமாக விட்டது. சத்தத்தில் உயிர் இருக்கிறது. கரகரப்பும் இருக்கிறது.

ஒன்று விளக்கவேண்டும். முதல் இரண்டிலும் இரைச்சலை அடக்கும் கதவு ஒன்று தானாகவே வேலை செய்கிறது. கம்பி ஒலித்தால் திறக்கும், ஓய்ந்தால் மூடிவிடும், உன் லிஃப்ட் கதவு மாதிரியே. அதனால் வரிக்கும் வரிக்கும் நடுவே சுத்த அமைதி. மூன்றாவதில் கதவே கிடையாது. இடைவெளியில் என்னவெல்லாமோ கேட்கிறது.

அதைக் கொஞ்சம் ஆராயவேண்டும். எனக்காக இன்னொரு முறை வாசி. இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் பிறகு எட்டு எண்ணிக்கை நிறுத்து. கையைக் கம்பியில் வைத்து அடக்கிக்கொண்டு சும்மா இரு. அதே மேஜை, அதே ஆறு மணி, கிடார் அதே பக்கம் பார்த்து இருக்கவேண்டும். ஏன் என்று கேட்காதே, தொழில் ரகசியம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாக... சரி, விடு.

தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தூக்கத்துக்குக் குறைவில்லை. இரண்டு நாள் முன்பு ஒரு அலுவலகக் கட்டிடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவதுக்கும் நடுவே இரண்டு வக்கீல்கள் மாட்டிக்கொண்டார்கள். நான் போய்த் திறப்பதற்குள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிற நிலைக்கு வந்திருந்தார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதலாவதுதான். கேட்டதும் நானா வாசித்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மூன்றாவதை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்? ஓட்டை ரேடியோ மாதிரி இருக்கிறது. நான் இடைவெளியைக் கேட்கவே இல்லை, அங்கே பாட்டு இல்லையே.

நீ கேட்டபடி வாசித்து அனுப்பியிருக்கிறேன். கண்ணை மூடி எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி ஹெட்போனைத் தூக்கி, "ஏன் நடுவுல நடுவுல நின்னுடறீங்க?" என்றாள். சாப்ட்வேருக்கு எட்டு எண்ணிக்கை அமைதி வேண்டுமாம் என்றேன். "யார் சொன்னது?" என்றாள். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சமாளித்தேன். ஒரு நிமிஷம் கிடாரையே பார்த்தாள். பிறகு, "சரி, முதல்லேருந்து வாசிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பாட்டில் ஆர்வம் வந்துவிட்டதோ என்னவோ. நல்லதுதான்.

ட்ரையல் ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிகிறது. சீக்கிரம் சொல், வாங்கிவிடுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

தம்பிக்கு,

நாற்பது நாளாகிறது. பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன், "கடையில் கூட்டம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உடம்புக்கு ஏதாவதா? வேலை போய்விட்டதா? ட்ரையல் முடிந்து மாப்பிள்ளை போய்விட்டார். முப்பது நொடிக்கு ஒரு முறை குயில் கத்துகிற மாதிரி விளம்பரச் சத்தம் போடுகிறது.

நான் ஏதாவது தவறாக எழுதியிருந்தால் முகத்துக்கு நேரே திட்டு. சும்மா இருக்காதே. உன் மௌனம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஒரு தடவை பட்டது போதும்.

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

உடம்பு, வேலை, பல் எல்லாம் பத்திரம். உன்மேல் ஒரு குறையும் இல்லை. உன்னைக் கலங்கவைத்துவிட்டேன், தப்புதான்.

இதே தபாலில் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உறையின்மேல் அண்ணியின் பெயர்தான். அவர்கள் முதலில் படிக்கட்டும். பிரிக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

சாப்ட்வேர் விஷயம் அதற்குப் பிறகு. மற்ற இரண்டின் பெயரும் பின்பக்கம் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 27

மதிப்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா? மூன்று வருடமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி இது. இந்தக் கடிதத்தை இதற்குமுன் ஒன்பது தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அண்ணன் எனக்கு வேலையிடத்திலிருந்து எழுதுகிறான். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கிடார் வாசித்து அனுப்பினான். அதை நான் மூன்று சாப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதில் சத்தத்தைக் கூட்டியபோது முதல் வரிக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. பக்கத்துக் கடை ரேடியோ என்று ஜன்னலைச் சாத்தினேன். மறுபடி போட்டேன். "அந்த எடத்துல அவன் இழுத்துப் பிடிப்பான். இவர் அவசரமா ஓடறார்" என்று நீங்கள் சொன்னீர்கள்.

அண்ணன் ஹெட்போனில் இருக்கிறான், காது கேட்காது என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டது அது. அந்தப் பழைய காந்தம் பிடித்து வைத்துக்கொண்டது. நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அடுத்த இடைவெளியையும் கேட்டேன். "எழுத்தே தெரிய மாட்டேங்குது. நம்ம வீட்டுலேயே ஒரு கண்ணாடிக்காரன் இருந்தும் நான் கண்ணைச் சுருக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நம்ம வீட்டில் என்றீர்கள். பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். முதலாளி கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

இன்னும் கேட்கவேண்டும் என்ற ஆசையில்தான் எட்டு எண்ணிக்கை இடைவெளி கேட்டு அண்ணனை ஏமாற்றினேன். ஒட்டுக் கேட்கிற புத்தி. வந்த பதிவைப் போட்டேன். முதல் வரி முடிந்தது. கிடாருக்கு மிகக் கிட்டே நீங்கள்: "இடிமுழக்கம், கேக்குதா?" அந்தப் பெயரில் என்னை வேறு யாரும் கூப்பிட்டதில்லை. இரண்டாவது வரிக்குப் பிறகு: "டிபன் பையில தபால்தலை ஒட்டிக்கிட்டு வந்துது, அன்னிக்கே தெரியும். இவர்கிட்ட சொல்லாதே." மூன்றாவதுக்குப் பிறகு எட்டு எண்ணிக்கையும் நீங்கள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில்: "நீ சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது. அதை நீயா வந்து கேக்கணும்."

கேட்கிறேன். நான் சொன்னது தப்பு. நீங்கள் இருந்ததால்தான் அது வீடாக இருந்தது. எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்த கையைப் பார்த்து, உங்களுக்கு இங்கே என்ன உரிமை என்று கேட்டுவிட்டேன். பேருந்து கிளம்பும்போதே தெரிந்துவிட்டது. இறங்கி வர வெட்கமாக இருந்தது, பிறகு நாளாக நாளாக வெட்கம் கூடிக்கொண்டே போனது. மன்னித்துவிடுங்கள். முடியாவிட்டால் அதையும் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேன், மறுபடியும் மன்னிப்பு.

சோதனை செய்யாமல் கண்ணாடி அனுப்பக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. இல்லாவிட்டால் இந்த உறையோடே வந்திருக்கும்.

உங்கள் இடிமுழக்கம்


மே 9

தம்பிக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியாயிற்று, போதுமா?

மாலை வீட்டுக்குப் போனேன். மேஜையில் உறை பிரித்துக் கிடந்தது. உன் அண்ணி ஜன்னலோரம் கையை நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன ஏது என்று கேட்க வாயைத் திறந்தேன். "உங்க தம்பிக்கு என்னைவிட உங்களை நல்லாத் தெரியுமா, இல்ல உங்களைவிட என்னை நல்லாத் தெரியுமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தைக் கொடுத்தாள். படித்தேன். நின்றபடியே படித்தேன்.

ஏன்டா, நாலு மாதமாக நான் டிபன் பையில் ஒளித்து, தபால்காரரைக் கெஞ்சி, உறையைக் கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்துக் காபந்து பண்ணினேனே, நீங்கள் இரண்டு பேரும் என் மடியில் இருந்த கிடார் வழியாகவே பேசிக்கொண்டிருந்தீர்களா? என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு? கோபம் கோபமாக வந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்த மூன்றாவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். முதலாவதிலும் கதவைத் திறந்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறதாம், தெரியும். ஆனால் முப்பது வருடமாகக் கதவை மூடவைத்தே சம்பளம் வாங்கியவன் நான். கை தானாக மூடிவிடும். கதவே இல்லாதது இருக்கட்டும்.

உன் அண்ணி தனியாக எழுதுகிறாளாம். பிரிக்காதே என்று என்னிடம் சொல்லியாயிற்று. வீட்டில் எனக்கு மரியாதையே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

அண்ணன்


மே 10

தம்பிக்கு,

நான் நலம். உன் பல் ஆறிவிட்டதா? எந்தப் பக்கம், மேலா கீழா என்று உன் அண்ணனுக்குத் தெரியவில்லை. இத்தனை கடிதம் எழுதி இதைக்கூடக் கேட்டு வைக்கவில்லை அந்த மனுஷர்.

உன் கடிதத்தில் மன்னிப்பு மூன்று இடத்தில் வருகிறது. ஒன்று போதும். மற்ற இரண்டையும் சிவப்பு மையில் அடித்துவிட்டேன். அந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். இனிமேல் அதைப் பற்றி நீயும் பேசாதே, நானும் பேசவில்லை.

என் பக்கக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நீ வாசித்துக்கொண்டிருந்தபோது கடைசி வரியில் பிளக்கைப் பிடுங்கினேன். வந்து நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அன்று நூற்றுப்பத்துத் தாள், எனக்குத் தலைவலி. காரணம் சரிதான், செய்த விதம் சரியில்லை. நீ போன பிறகு அந்தப் பாதி வரி பல நாள் என் காதில் நின்றது. எங்கே போய் முடியும் என்று நானே யோசித்துப் பார்ப்பேன், எனக்கு வராது. உன் அண்ணன் முடித்துக் காட்டுகிறேன் என்று ஏதோ செய்கிறார். அது அது இல்லை.

கம்ப்யூட்டரில் வாசித்து அனுப்பவேண்டாம். நேரில் வா. ஆம்பை விரிப்புப் போட்டு மூடி வைத்திருந்தேன், நேற்று விரிப்பை எடுத்துத் துடைத்தேன். பிளக்கை நானே மாட்டியிருக்கிறேன். ரொட்டிக்கடைக்காரரிடம் பேசியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வைக்கலாமாம், அவருக்கும் கேட்கவேண்டுமாம். கண் சோதனைச் சாமானையும் எடுத்து வா. இந்தக் கடிதத்தையே காகிதத்தைத் தள்ளி வைத்துத்தான் எழுதுகிறேன், வரி கோணலாக இருந்தால் அது உன் குற்றம்.

ஒருவேளை நீ வரும்போது நாங்கள் கடைக்குப் போயிருப்போம். வாசலில் நிற்காதே. பூட்டை மாற்றலாம் என்று உன் அண்ணன் இரண்டு வருடமாகச் சொல்கிறார், நான் விடவில்லை. மாற்றினால் நீ எடுத்துக்கொண்டு போன சாவி எதற்கு ஆகும்? இப்போது கொஞ்சம் இறுகுகிறது. சாவியைச் சற்று மேலே தூக்கித் திருப்பு, திறந்துவிடும்.

அண்ணி